74 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லி விற்ற கார்: 3,85,000 ரூபாய் போச்சு, புதுச்சேரியில் பழைய வண்டி பார்ப்பவர்கள் கவனம்

அம்மாவை மாதாமாதம் ஜிப்மருக்குக் கூட்டிப்போக வேண்டும், கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வர அவருக்கு இனிமேல் முடியாது, அதற்காகச் சேர்த்த பணம் 3,85,000 ரூபாய். அதைப் புதுச்சேரியில் மெயின் ரோட்டில் பளபளவென்று வைத்திருக்கும் ஒரு பழைய கார் கடையில் கொடுத்துவிட்டு இன்றைக்கு மெக்கானிக் ஷெட்டில் நிற்கிறேன். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, வழக்கு போடப் போகிறேன்.

2014 மாடல் டீசல் செடான், பிஒய் நம்பர் (புதுச்சேரி பதிவு), மீட்டரில் 74 ஆயிரம் கிலோமீட்டர். ஒரே ஓனர், ரிட்டயர்டு வாத்தியார், கோயிலுக்கு மட்டும் எடுப்பார் என்றார் கடைக்காரர். கடைக்காரருடைய அம்மாவுக்குச் சொந்த ஊர் நம்ம கடலூர் புதுப்பாளையமாம். "நம்ம ஊர்க்காரங்களுக்குப் போய் தப்பான வண்டி தருவேனா அண்ணே?" என்றார். பணம் அக்கவுண்ட்டில் ஏறியதும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், கற்பூரம் காட்டினார், சாவியை என்னிடம் தராமல் அம்மா கையில் கொடுத்து, "நீங்க முதல்ல உட்காருங்கம்மா, உங்க ராசிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அம்மா அவர் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணினார். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கொஞ்ச நாள்தான். கிருமாம்பாக்கம் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய், பானெட்டிலிருந்து ஆவி. வெயிலில் அம்மாவை ரோட்டோரம் உட்கார வைத்துவிட்டு டோ வண்டிக்கு அலைந்தேன். மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார், உள்ளே பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. ரேடியேட்டரில் கூலண்ட் கிடையாது, துருப்பிடித்த வெறும் தண்ணீர். பிரேக் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிது, அதன் கீழே இரும்பு தேய்ந்து பளபளக்கிறது. "இது 74 ஓடின வண்டி இல்ல" என்றார். கம்பெனி சர்வீஸில் வண்டி நம்பரைக் கொடுத்துப் பழைய ரெக்கார்டு கேட்டோம். 2022-லேயே 1,71,400 கிலோமீட்டர். டிஜிட்டல் மீட்டரை லேப்டாப்பில் குறைத்திருக்கிறார்கள்.

அதிகம் ஓடிய வண்டி என்பதால் எனக்குக் கோபம் இல்லை. ஒழுங்காகப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றி, கூலண்ட் பார்த்து ஓட்டிய டீசல் வண்டி இரண்டு லட்சத்துக்கு மேலும் ஓடும், டாக்சிக்காரர்களைக் கேளுங்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அதற்கேற்ற விலைக்கு எடுத்து, கிளட்ச், வாட்டர் பம்ப், ஹோஸ், டைமிங் செயின் எல்லாம் முதல் மாதமே பார்த்திருப்பேன். மீட்டரைத் திருத்தினால் எந்தச் சாமானுக்கு ஆயுள் முடிந்தது என்பதே வாங்குகிறவனுக்குத் தெரியாமல் போகிறது. ரோட்டில் ஓடும்போது எதுவும் நடக்கலாம், அதுதான் நடந்தது.

போன் பண்ணினால் முதலில் "கடை ஓனர் ஊர்ல இல்ல சார்". அப்புறம் "நீங்க ஓட்டின விதம்". அப்புறம் "செகண்ட் ஹேண்ட்னா அப்படி இப்படித்தான் இருக்கும் சார்". பணம் வரும்வரை அண்ணன், வந்த பிறகு சார். நேரில் போனால் "வாரண்டி எஞ்சினுக்கு மட்டும்தான், கேஸ்கெட்டுக்கு இல்ல" என்கிறார் கடைப் பையன். பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற என்ஓசி (ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று) எடுத்துத் தருவதாகச் சொன்னதும் இப்போது "அது உங்க செலவு". 3,85,000 வாங்கிக்கொண்டு ஒரு டீக்குக்கூட உட்காரச் சொல்லவில்லை, அம்மா வாசலிலேயே நின்றார். ரிப்பேருக்கு மெக்கானிக் சொல்லும் கணக்கு தனி.

வக்கீலிடம் பேசிவிட்டேன். 2019 நுகர்வோர் சட்டப்படி, வாங்கியது புதுச்சேரி என்றாலும் நான் குடியிருக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு பண்ணிவிட்டேன். "74 ஆயிரம் ஒரிஜினல் அண்ணே" என்று கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் அப்படியே இருக்கிறது.

என்னென்ன பார்த்து வாங்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டை நீங்களே வாங்கிப் பாருங்கள், கடைக்காரர் காட்டும் பிரிண்ட் வேண்டாம். காலையில் எஞ்சின் சூடாவதற்கு முன்னால் உங்கள் மெக்கானிக்கோடு போங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்கும் கடைக்கு ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். பிஒய் வண்டியென்றால் என்ஓசி கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.