டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: லேப்டாப்பில் எங்கே மூச்சு வாங்குகிறது?

காசு வாங்காமல் இவ்வளவு தரும் எடிட்டிங் மென்பொருளைக் காண்பது அரிது. பிளாக்மேஜிக் டிசைனின் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் அல்ட்ரா எச்டி வரை, நொடிக்கு 60 பிரேமில் எக்ஸ்போர்ட் செய்யலாம். ஸ்டுடியோ என்ற கட்டணப் பதிப்புக்கு மட்டுமே உரிய எஃபெக்டைத் தொட்டால் ஒழிய வாட்டர்மார்க் வராது. நிறம் திருத்தும் கலர் பக்கத்தின் தரம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் சாதாரண விண்டோஸ் லேப்டாப்பில் நிறுவியவர்கள் முதல் நாளே சொல்வது ஒன்றுதான்: "ஓட்டினா சிக்கிச் சிக்கிப் போகுது, எக்ஸ்போர்ட் போட்டா விடிஞ்சிடுது."

இதில் மென்பொருளின் குற்றம் பாதிதான். மீதி, உள்ளே போடும் கோப்பில் இருக்கிறது. போனும் கேமராவும் பதிவு செய்யும் எச்.264, எச்.265 கோப்புகளில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. ஒரு முழுப் படம், அதன்பின் வரும் பிரேம்களில் மாறிய பகுதி மட்டும் என்று சுருக்கி வைத்திருக்கும். கிளிப்களை அடுக்கும் டைம்லைனில் நடுவே ஓரிடத்தைத் தொட்டால், பின்னோக்கிப் போய் முழுப் படத்தை எடுத்து, அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். கோப்பு சிறியதாக இருப்பதால் வேலையும் சிறியது என்று நினைப்பது தவறு. இறுக்கிக் கட்டிய மூட்டையை அவிழ்க்கத்தான் நேரம் ஆகும். போதாததற்கு 4கே பிரேம் ஒன்றில் சுமார் 83 லட்சம் பிக்சல்; 1080பி-யில் 21 லட்சம்தான்.

இந்த அவிழ்க்கும் வேலைக்கென்றே கிராபிக்ஸ் சிப்பில் (ஜிபியு) தனிப் பகுதி உண்டு. விண்டோஸில் அதை முழுமையாகப் பயன்படுத்துவது கட்டணப் பதிப்பான ஸ்டுடியோதான்; இலவசப் பதிப்பில் பாரம் பெரும்பாலும் மையச் செயலியான சிபியு தலையில் விழும். மேக்கில் இந்த ஓரவஞ்சனை இல்லை. 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏரில்கூட இலவசப் பதிப்பு வழுக்கிக்கொண்டு ஓடும். அதில் ஃபேன் இல்லை என்பதால் நீண்ட எக்ஸ்போர்ட்டில் மட்டும் சூடாகித் தளரும்.

அமைப்புகளைக் கண்டபடி மாற்றுவதற்கு முன் எது தடுக்கிறது என்று பாருங்கள். டைம்லைனை ஓடவிட்டு ஷிஃப்ட்+டி அழுத்தினால் கலர் திருத்தமும், ரிசால்வின் எஃபெக்ட் பகுதியான ஃபியூஷனில் செய்தவையும் தற்காலிகமாக அணையும். உடனே சீராக ஓடினால் சுமை எஃபெக்டில். அப்போதும் சிக்கினால் சுமை கோப்பை அவிழ்ப்பதில். டாஸ்க் மேனேஜரில் சிபியு 100 விழுக்காட்டை ஒட்டி நின்று, ஜிபியு சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவும் இதையே சொல்கிறது.

அவிழ்ப்பதில் சிக்கல் என்றால் மருந்து பிராக்ஸிதான், அதாவது எடிட் செய்யும்போது மட்டும் மூலக் கோப்புக்குப் பதிலாக ஓடும் இலகுவான நகல். புராஜெக்ட் செட்டிங்ஸில் பிராக்ஸியின் அளவைப் பாதி என்றும், வடிவத்தை எடிட்டிங்குக்கு ஏற்ற டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி (DNxHR LB) என்றும் வையுங்கள். மீடியா பூலில் கிளிப்களைத் தேர்ந்து, வலது கிளிக்கில் 'ஜெனரேட் பிராக்ஸி மீடியா' கொடுங்கள். 4கே கோப்பு 1080பி ஆகும். ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாக இருக்கும். நான்கு ஆண்டு பழைய லேப்டாப்பிலும் விரல் வேகத்துக்கு ஓடும். ஒரு மணி நேரக் காட்சிக்குச் சுமார் 16 ஜிபி இடம் வேண்டும், அதுவும் எஸ்எஸ்டியில். பிளேபேக் மெனுவில் உள்ள 'டைம்லைன் பிராக்ஸி ரெசல்யூஷன்' என்பது வேறு சரக்கு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது எஃபெக்ட் கணக்கைக் குறைக்கும், எச்.265-ஐ அவிழ்க்கும் சுமையை அவ்வளவாகக் குறைக்காது.

எஃபெக்டில்தான் சிக்கல் என்றால், கணக்குப் போட்ட காட்சியை முன்கூட்டியே சேமித்து வைக்கும் ரெண்டர் கேஷை 'ஸ்மார்ட்' என்று வைத்துவிட்டு நகருங்கள். டைம்லைன் மேலே சிவப்புக் கோடு நீலமானால் தயார். கேஷ் கோப்புகள் சத்தமில்லாமல் சி டிரைவை நிரப்பும். அவ்வப்போது பிளேபேக் மெனுவிலேயே அழித்துவிடலாம்.

சில சிக்கல்கள் வேகக் குறைவு போலத் தெரியும், ஆனால் அல்ல. புது புராஜெக்ட் 24 பிரேமில் தொடங்கும். 30 பிரேம் போன் வீடியோவைப் போடும்போது பிரேம் ரேட்டை மாற்றவா என்று கேட்கும். வேண்டாம் என்றுவிட்டால் லேப்டாப் எவ்வளவு வேகமானாலும் காட்சி குதித்துக் குதித்துத்தான் போகும். போன் வீடியோவில் பிரேம் ரேட் ஏறி இறங்குவதும் வழக்கம். பேச்சும் உதடும் விலகினால், வீடியோ வடிவம் மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' கொடுத்து மாற்றிய பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.

இனி எக்ஸ்போர்ட். பிராக்ஸி போட்டும் எக்ஸ்போர்ட் வேகம் கூடவில்லை என்ற புகாருக்குக் காரணம் எளிது: ரிசால்வ் எக்ஸ்போர்ட்டின்போது மூலக் கோப்புக்கே திரும்பிவிடும். டெலிவர் பக்கத்தில் 'யூஸ் பிராக்ஸி மீடியா' டிக் செய்தால் வேகம் வரும், தரம் போகும். வாடிக்கையாளருக்கு மாதிரி அனுப்ப மட்டும் அது சரி. அதற்குப் பதில் 'யூஸ் ரெண்டர் கேஷ்டு இமேஜஸ்' நல்லது. கேஷ் வடிவம் மட்டும் தரமானதாக இருக்க வேண்டும். வீடியோவைச் சுருக்கி எழுதும் என்கோடரின் பட்டியலில் என்விடியா அல்லது இன்டெல் குயிக் சிங்க் தெரிந்தால் அதையே எடுங்கள். 'நேட்டிவ்' மட்டும் இருந்தால் மறுபடி சிபியுதான். 1080பி, 30 பிரேமுக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ். அப்படி வைத்தால் பத்து நிமிட வீடியோ சுமார் 600 எம்பி. 'ஆட்டோமேட்டிக் பெஸ்ட்' அதைவிடப் பெரிதாக்கிவிட்டு அப்லோடில் பழி வாங்கும்.

முதல் இரண்டு நிமிடம் பறந்து, பிறகு எக்ஸ்போர்ட் தவழ்கிறதா? அது சூடு. பின்பக்கத்தை உயர்த்தி வையுங்கள், ஃபேன் தூசியை எடுங்கள். பேட்டரியில் எக்ஸ்போர்ட் போடாதீர்கள். கேமிங் லேப்டாப்புக்கு உரிய பெரிய அடாப்டரை விட்டு 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஓட்டுவதும் பேட்டரியில் ஓட்டுவது போலத்தான். இரண்டு ஜிபியு உள்ள லேப்டாப்பில், பிரிஃபரன்சஸில் 'மெமரி அண்ட் ஜிபியு' போய் என்விடியா டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்டுடியோவின் விலை 295 டாலர், ஒரே முறை. ஒரு உரிமத்தில் இரண்டு கணினி. வாரம் நான்கைந்து வீடியோ முடிப்பவருக்கு வன்பொருள் வேகத்துக்காகவே அது தகும். ஆனால் ரேம் 8 ஜிபியாக இருக்கும்போது ஸ்டுடியோ வாங்குவது வீண். 16 ஜிபி அடிப்படைத் தேவை, ஃபியூஷனைத் தொடுபவருக்கு 32. ஒற்றை ரேம் குச்சியோடு வந்த லேப்டாப்பில் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால், அதை நிரப்புவது உள்ளமைந்த கிராபிக்ஸையும் சேர்த்து வேகப்படுத்தும். மெல்லிய மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே 1080பி டைம்லைனும் பிராக்ஸியுமாகக் காலம் தள்ள வேண்டியதுதான்.