கதிரியக்கக் கழிவு: மருத்துவமனையிலேயே வைப்பதா, பாங்கிக்கு அனுப்புவதா?

மலேசியாவில் அணுமின் நிலையம் இல்லை. ஆனால் கோலாலம்பூரில் அணு மருத்துவப் பிரிவு (கதிரியக்க மருந்து கொடுத்து நோயைக் கண்டறியும், குணப்படுத்தும் பிரிவு) உள்ள மருத்துவமனைகளில் கையுறை, ஊசிக்குழல், பஞ்சு என்று குறைந்த அளவு கதிரியக்கக் கழிவு சேர்ந்துகொண்டே இருக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்கும் நம் பிள்ளைகள் குழம்புவது இங்கேதான்: பூட்டிய அறையில் வைத்துச் சிதையவிடுவதா (கதிரியக்கம் தானாகக் குறையும்வரை காத்திருப்பதா), பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்துக்கு அனுப்புவதா?

காலம்
வைத்தால்: கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரமே அரை ஆயுள். நோயாளிகளுக்குக் கொடுக்கும் கதிரியக்கப் பொருள்களில் டெக்னீசியம்-99எம் அரை ஆயுள் 6 மணி நேரம், அயோடின்-131க்கு 8 நாள். பத்து அரை ஆயுள் கடந்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். முதலாவதுக்கு இரண்டரை நாள், மற்றதற்கு 80 நாள்.
அனுப்பினால்: காத்திருப்பு உங்கள் தலைவலி இல்லை. சீசியம்-137க்கு அரை ஆயுளே 30 ஆண்டு. அதை எந்த மருத்துவமனை அறையில் வைத்துக் காப்பது?

செலவு
வைத்தால்: இடமும் தடுப்புச் சுவரும்.
அனுப்பினால்: கட்டணம், பொதி, வண்டி.

வேலை
வைத்தால்: பையில் தேதி, கதிரியக்கப் பொருளின் பெயர், கடைசியில் அளவீடு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் டெக்னீசியமும் அயோடினோடு 80 நாள் கிடக்கும். இந்தச் சோம்பல்தான் அறையை நிரப்புகிறது.
அனுப்பினால்: காகித வேலை. 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம் இரண்டுக்கும் பொருந்தும்.

என் கணக்கில், அன்றாட நோயாளிக் கழிவை வைத்துச் சிதையவிடுவதே சரி. பழைய கோபால்ட், சீசியம் மூலங்களை (கருவிகளில் இருக்கும் கதிரியக்கப் பொருள்களை) விற்றவர் திரும்ப எடுப்பாரா என்று முதலில் கேளுங்கள், மறுத்தால் பாங்கிதான்.