ஆமி உள்ள நாடும் இல்லாத நாடும்

வெள்ளவத்தையில் பிளேன்டீ குடிக்கும்போது நண்பன் கேட்டான்: "மச்சான், ஆமி இல்லாம நாடு நடத்த ஏலாதா?"

ஏலும். மத்திய அமெரிக்காவில் உள்ள கொஸ்தாரிக்கா நடத்துகிறது. 1948 டிசம்பர் 1ஆம் திகதி, உள்நாட்டுப் போரில் வென்ற ஹொசே ஃபிகேரஸ், பெல்லாவிஸ்டா படைமுகாமின் சுவரைச் சம்மட்டியால் அடித்து இராணுவத்தைக் கலைத்தார். 1949 அரசியலமைப்பும் அதை உறுதி செய்தது. அந்த முகாம் இன்று தேசிய அருங்காட்சியகம். கோபுரச் சுவரில் குண்டு துளைத்த தழும்புகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் 1955இல் நிக்கரகுவா பக்கமிருந்து படையெடுப்பு வந்தபோது, அமெரிக்க நாடுகள் அமைப்பு கைகொடுக்க வேண்டியிருந்தது.

அதே 1949இல்தான் இலங்கை இராணுவம் பிறந்தது. 1962இல் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கச் செய்த சதிமுயற்சி தோற்றது. இங்கே இராணுவ ஆட்சி வரவில்லை. சரி, அத்தோடு முடிந்ததா? போர் முடிந்த மறுவருடமே, 2010இல், நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. கொழும்பின் நடைபாதைகள் அழகானது உண்மைதான். கொம்பனித்தெருவில் வீடுகள் இடிபட்டபோது பக்கத்தில் நின்றதும் சீருடைதான். சதியைவிட இந்த ஓசையில்லாத நுழைவுதான் எனக்கு உறுத்துகிறது.

காலிமுகத்திடலில் இராணுவத் தலைமையகம் இருந்த இடத்தில் இப்போது ஷங்கிரி-லா ஹோட்டல். அங்கே மியூசியம், இங்கே ஹோட்டல்!

இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்று 2023இல் அரசு அறிவித்தது. "குறைத்தால் அந்தப் பெடியனுகளுக்கு வேலை?" என்றான் நண்பன். அதற்குள் டீ ஆறிவிட்டது.