‘கவுச் டு 5கே’ ஓட்டப் பயிற்சித் திட்டம்: உடற்பயிற்சியை விரும்பாத ஒருவரின் மதிப்பீடு

உடற்பயிற்சியை விரும்பாதவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட ஓட்டப் பயிற்சித் திட்டங்கள் மிகச் சிலவே இருக்கின்றன. பெரும்பாலானவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர் மேலும் வேகமாகவோ மேலும் தொலைவாகவோ ஓடுவதற்கு உதவுபவை. அந்தச் சிலவற்றுள் பரவலாக அறியப்பட்டது ‘கவுச் டு 5கே’. சோபாவில் உட்கார்ந்தே பழகிய ஒருவரை, வாரத்துக்கு மூன்று நாள் வீதம் ஒன்பது வாரங்களில், 5 கிலோமீட்டர் தொலைவை இடைவிடாமல் ஓடும் நிலைக்குக் கொண்டுவருவதாக அது உறுதியளிக்கிறது. ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-ல் இதை வகுத்தார். அவர் புதிதாக ஓடத் தொடங்கியபோது முதல் சில வாரங்கள் அவருக்கே வேதனையாக இருந்தன; அவற்றைத் தாண்டிய பிறகுதான் ஓட்டம் பிடித்துப்போனது. தன் தாயாரைப் போன்றவர்கள் அந்தத் தொடக்க வேதனை இல்லாமலேயே ஓடப் பழகிவிட வேண்டும் என்ற விருப்பத்தில் பிறந்த திட்டம் இது. பிற்காலத்தில் பலர் இதைச் செயலியாக்கினார்கள். பிரிட்டனின் அரசு சுகாதாரச் சேவையான என்எச்எஸ் வெளியிட்ட இலவசச் செயலி அவற்றுள் பலரும் அறிந்தது. நான் பின்பற்றியதும் அந்த வடிவத்தைத்தான். திட்டத்தை முடித்து, அதன் பிறகும் ஓட்டத்தை விடாமல் தொடர்ந்துவரும் ஒருவரின் மதிப்பீடு இது.

ஓட்டம் எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடித்ததில்லை. என்னைப் போன்றவர்கள் பலரிடம் பேசிப் பார்த்ததில், ‘உடற்பயிற்சி பிடிக்காது’ என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் மூச்சு முட்டும் அந்த ஒரு நிலையை மனத்தில் வைத்துத்தான் என்று தெரிந்தது. நெஞ்சு அடைப்பது போலிருக்கும், விலாவில் பிடித்துக்கொள்ளும், வாய் வறண்டுபோகும், எப்போது நிறுத்தலாம் என்பதைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. உடலை அசைப்பதில் எங்களில் யாருக்கும் வெறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. நீண்ட தூரம் நடக்கச் சொன்னால் மகிழ்ச்சியாக நடப்பவர்கள்தான் ஓட்டம் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். இந்தத் திட்டத்தின் பெருஞ்சிறப்பு, அந்த மூச்சு முட்டும் நிலை முற்றுவதற்குள் ஓட்டத்தை நிறுத்தி நடக்கச் சொல்லிவிடுவதுதான். இதைப் பரிந்துரைக்க எனக்கு இருக்கும் முதற்காரணமும் அதுவே.

முதல் வாரத்தின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். 5 நிமிட வேக நடையுடன் பயிற்சி தொடங்குகிறது. பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. இதை எட்டு முறை செய்தால் 20 நிமிடம் ஆகிவிடும். இறுதியில் மீண்டும் 5 நிமிட நடை. மொத்தம் அரை மணி நேரம். அதில் ஓட்டம் என்பது 8 நிமிடம் மட்டுமே. முதல் இரண்டு சுற்றுகள் எளிதாக இருப்பதால் கால்கள் தாமாகவே வேகமெடுக்கும். நான்காவது சுற்றில் 60 விநாடி என்பது நீளமாகத் தெரியத் தொடங்கும். ஐந்தாவதில், 40-வது விநாடியை ஒட்டி, தோள்கள் காதை நோக்கி உயர்ந்திருப்பதும், கைவிரல்கள் இறுக மூடியிருப்பதும், மூச்சு வயிறு வரை இறங்காமல் மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுவதும் நமக்கே தெரியும். தோளைத் தளர்த்தி, விரல்களைப் பிரித்து, ஒருமுறை நீளமாக மூச்சை வெளியே விடுவதற்குள் ‘இனி நடக்கலாம்’ என்று செயலியின் குரல் வந்துவிடுகிறது. அடுத்து வரும் 90 விநாடியில் மூச்சு முழுமையாகத் திரும்பாது, முக்கால்வாசிதான் திரும்பும். ஆனால் அடுத்த சுற்றைத் தொடங்க அது போதும். பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும்போது ‘இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாமே’ என்று தோன்றுகிறது. ஓட்டத்தை வெறுத்த ஒருவருக்கு அந்த எண்ணம் தோன்றுவதை நான் சிறிய காரியமாகக் கருதவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஷூவை மாட்ட வைப்பது அதுதான்.

அட்டவணையைத் தாளில் எழுதி, ஓடும் நிமிடங்களை மட்டும் கூட்டிப் பார்ப்பது மிகவும் பயனுள்ள வேலை. அதில் திட்டத்தின் நுட்பமும் தெரிகிறது, குறையும் தெரிகிறது. இரண்டாம் வாரத்தில் 90 விநாடி ஓட்டமும் 2 நிமிட நடையும் மாறி மாறி வருகின்றன. ஆறு சுற்று என்று கொண்டால் ஓட்டம் 9 நிமிடம். மூன்றாம் வாரத்தில் 90 விநாடி ஒருமுறை, 3 நிமிடம் ஒருமுறை என்ற தொடரை இரண்டு தடவை ஓட வேண்டும். கூட்டினால் அதுவும் 9 நிமிடந்தான். ஆக, முதல் மூன்று வாரங்களில் மொத்த ஓட்டம் ஏறக்குறைய கூடவே இல்லை. இடைவிடாமல் ஓடும் நேரம் மட்டும் 1 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாக நீண்டிருக்கிறது. இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் நான்காம் வாரத்தில் 3, 5, 3, 5 நிமிடங்கள் என்று நான்கு ஓட்டங்கள் வருகின்றன. மொத்தம் 16 நிமிடம். ஒரே வாரத்தில் ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாளைப் பற்றித்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். என் பார்வையில் உண்மையான ஏற்றம் நான்காம் வாரத்தில் இருக்கிறது. அறவே உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர், உடல் எடை கூடுதலாக உள்ளவர், ஐம்பதைத் தாண்டியவர் ஆகியோர் மூன்றாம் வாரத்தை இன்னொரு முறை செய்துவிட்டு நான்காவதுக்குப் போவது நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு வாரத்தைத் திரும்பச் செய்வதால் திட்டம் எவ்வகையிலும் கெடுவதில்லை.

அந்த ஐந்தாம் வாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நாள் 5 நிமிட ஓட்டம் மூன்று, இரண்டாம் நாள் 8 நிமிட ஓட்டம் இரண்டு, மூன்றாம் நாள் நடையே இல்லாமல் ஒரேயடியாக 20 நிமிடம். அட்டவணையில் இதை முதன்முதலாகப் பார்க்கும் எவருக்கும் திகைப்பு ஏற்படும். ஆனால் ஓடும் நேரத்தைக் கூட்டினால் 15, 16, 20 என்று சீராகத்தான் ஏறுகிறது. உடல் அதற்கு ஆயத்தமாகவே இருக்கிறது, மனம்தான் நம்ப மறுக்கிறது. அந்த 20 நிமிடத்தில் கடினமானது முற்பகுதியே. ஓடத் தொடங்கியதும் தசைகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் உடனே கூடிவிடுகிறது. இதயமும் நுரையீரலும் அந்தத் தேவையை எட்டிப்பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. பழக்கமில்லாத உடலில் இன்னும் சற்று அதிகம். முதல் ஐந்தாறு நிமிடங்களில் தோன்றும் ‘என்னால் முடியாது’ என்ற எண்ணம் பெரும்பாலும் அந்த இடைவெளியின் வெளிப்பாடு. வேகத்தைக் கூட்டாமல் தொடர்ந்தால் பத்தாவது நிமிடத்தை ஒட்டி மூச்சு ஓர் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. குறுகிய ஓட்டங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தவரை இந்த இரண்டாம் பகுதி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இத்திட்டம் எனக்குக் கொடுத்தவற்றுள் மிக மதிப்புள்ளதாக அதைக் கருதுகிறேன். இவ்வளவு வந்த பிறகு ஆறாம் வாரத்தின் முதல் நாளில் மறுபடியும் 5, 8, 5 நிமிடங்கள் என்று நடையை இடையில் நுழைத்திருப்பது பலருக்குப் பின்னடைவாகத் தோன்றும். அது உடலுக்கு ஓய்வு தருவதற்கான இறக்கம் என்பதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் போதும். ஏழாம் வாரம் 25 நிமிடம், எட்டாம் வாரம் 28, ஒன்பதாம் வாரம் 30. இவற்றில் விளக்குவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

திட்டத்தின் பெருங்குறை, வேகத்துக்கு அதன் அட்டவணையில் இடமே இல்லாதது. எத்தனை நிமிடம் என்பது துல்லியமாக இருக்கிறது. எவ்வளவு மெதுவாக என்பது இல்லை. புதிதாக ஓடுபவர் பாதியில் கைவிடுவதற்கு முதன்மையான காரணம் அவர் தன் உடலுக்குப் பொருந்தாத வேகத்தில் ஓடுவதுதான் என்று நான் நம்புகிறேன். ஓட்டம் என்றாலே பாய்ந்து ஓட வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடையில் திணறாமல் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வரவில்லையென்றால் வேகம் மிகை. தனியாக ஓடுபவர்கூட வாய்விட்டு ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். அப்படிப் பேசக்கூடிய வேகம் தொடக்கத்தில் விறுவிறுப்பாக நடப்பவரின் வேகத்தைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்கும். சில நாள் அதைவிடவும் குறைவாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் நடந்தே நம்மைக் கடந்து போகலாம். அதற்காக வெட்கப்பட வேண்டிய தேவை சிறிதும் இல்லை. அடிகளைக் குறுக்கி, பாதத்தை உடலுக்கு நேர் கீழே வைத்து, மெதுவாக ஓடுவதும் ஓட்டந்தான். திட்டம் கேட்கும் நிமிடங்களை நிறைவு செய்ய அதுவே போதுமானது.

ஓட்ட நாள்களுக்கு நடுவே ஓய்வு நாள் வைக்கச் சொல்லியிருப்பதை முழுமையாக ஆதரிக்கிறேன். முன்னேற்றம் தெரியத் தொடங்கியதும் முதலில் மீறத் தோன்றுவது இந்த விதியைத்தான். ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 160 காலடி என்று வைத்துக்கொண்டால், 30 நிமிட ஓட்டத்தில் 4,800 முறை அந்த விசையைக் கால்கள் தாங்க வேண்டும். இரத்த ஓட்டமும் மூச்சும் சில வாரங்களிலேயே மேம்பட்டுவிடுகின்றன; தசைநாண்களும் எலும்புகளும் வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். ஆகவே நான்காம், ஐந்தாம் வாரங்களில் ‘இன்னும் ஓடலாம்’ என்று மூச்சு சொல்வதைக் கால்கள் ஏற்கும் நிலையில் இருப்பதில்லை. இரண்டு தொடைகளிலும் ஒரேபோல் வந்து, இரண்டு மூன்று நாளில் தானே தணியும் வலி இயல்பானது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் குத்தி, ஓட ஓடக் கூடும் வலி வேறு வகை. அதை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. இதய நோய் உள்ளவர்களும், நடக்கும்போதே நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வருபவர்களும் மருத்துவரைப் பார்க்காமல் முதல் வாரத்தைக்கூடத் தொடங்கக் கூடாது.

செயலியின் குரல் வழிகாட்டலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல குரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒலிம்பிக் சாம்பியன் மைக்கேல் ஜான்சனின் குரலும் ஒரு காலத்தில் அவற்றுள் இருந்தது. எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்பதைக் குரல் சொல்லிவிடுவதால் கடிகாரத்தைப் பார்க்கும் வேலை மிச்சமாகிறது. புதிதாக ஓடுபவருக்கு இது பெரிய உதவி, ஏனெனில் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க நிமிடம் நீண்டுகொண்டே போகும். பாதி ஓட்டம் முடிந்ததைக் குரல் அறிவிக்கும் இடத்தை நான் ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறேன். குரல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கிலம் கேட்டுப் பழகாதவர் அட்டவணையை எழுதி வைத்துக்கொண்டு கைப்பேசியில் இடைவெளி மணி அமைத்தாலும் திட்டத்தின் பயனில் எதுவும் குறையாது. ஷூவைப் பொறுத்தவரை, ஓடுவதற்கென்று செய்யப்பட்ட, விரல்களுக்கு முன்னே சற்று இடம் விடும், போட்டதும் எங்கும் உறுத்தாத ஒரு ஜோடி போதும். கால் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி எதுவும் அட்டவணையில் இல்லாதது குறைதான். குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதையும் ஓய்வு நாள்களில் சில நிமிடம் செய்துவந்தால் அக்குறை ஓரளவு தீரும்.

இறுதியாக, 5 கிலோமீட்டர் என்ற அந்த உறுதிமொழி. ஒன்பதாம் வாரத்தில் திட்டம் தருவது 30 நிமிட இடைவிடா ஓட்டம். அதற்குள் 5 கிலோமீட்டர் முடிய வேண்டுமென்றால் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். பயிற்சியற்ற உடலோடு தொடங்கிய பெரும்பாலானோருக்கு ஒன்பது வாரத்தில் அந்த வேகம் வராது. மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவர் 30 நிமிடத்தில் 3.5 கிலோமீட்டர் கடந்திருப்பார். 5 கிலோமீட்டர் முடிக்க அவருக்கு ஏறத்தாழ 43 நிமிடம் வேண்டும். இதை முன்கூட்டியே அறியாதவர்கள், 27 பயிற்சிகளையும் செவ்வனே முடித்துவிட்டு, தூரம் எட்டவில்லையே என்று மனம் சோர்ந்துவிடுகிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. பெரியவர்களுக்கு வாரம் 75 முதல் 150 நிமிடம் வரையிலான தீவிர உடலுழைப்பை, அல்லது அதைப் போல இரு மடங்கு நேர மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வாரம் மூன்று முறை 30 நிமிடம் ஓடுபவர் 90 நிமிடம் ஓடியிருக்கிறார். உடல்நலம் கருதி ஓடுபவர் அதற்கு மேல் எந்தத் தூரத்தையும் எட்டியாக வேண்டியதில்லை. 5 கிலோமீட்டர் ஓட்ட நிகழ்வு ஒன்றில் கலந்துகொள்ள விரும்புபவர்கள், திட்டம் முடியும் வாரத்திலேயே வரும் தேதிக்குப் பெயர் கொடுக்காமல், அதற்கு ஐந்தாறு வாரம் தள்ளி வரும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அந்த இடைப்பட்ட காலத்தில் வேகத்தைக் கூட்டாமல், மூன்று ஓட்டங்களுள் ஒன்றை மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் நீட்டிக்கொண்டே வந்தால் தூரம் எட்டிவிடும்.