ஒரே கொடி, வேறு வேறு மை

ஒரு பாகற்கொடியை நிப்புப் பேனாவால் ஒருமுறை, தூரிகையால் ஒருமுறை வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை அதேதான், கொடியும் அதேதான். ஆனால் ஒன்று ‘இது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது’ என்று சொல்லும்; மற்றது ‘இது எப்படி ஏறுகிறது’ என்று சொல்லும்.

நிப்பின் முனை பிளந்திருக்கும். அழுத்தினால் விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மெலியும். பசை ஏற்றிய வழவழப்பான தாளில் மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று காய்வதால் ஓரம் கூர்மையாக இருக்கும். நரம்பு எங்கே பிரிகிறது, சுருள் எந்தக் கணுவில் கிளம்புகிறது என எதையும் மழுப்ப முடியாது. நிழல் வேண்டுமென்றால் புள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் கோட்டின் மேல் கோடு போட வேண்டும். அதற்குப் பிடிக்கும் நேரமும் படத்தில் தெரியும். அரக்கு சேர்ந்த இந்திய மை காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கரையாது. (நிப்பிலேயே காயவிட்டால் நிப்பு போச்சு.)

தூரிகையின் கதை வேறு. மைக்கட்டி என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்ந்தது; கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். பைன் புகையில் செய்தது சற்று நீலம் கலந்த கறுப்பு, எண்ணெய்ப் புகையில் செய்தது சற்றுப் பழுப்பு. பனி மூடிய இலைக்கும் வெயில் காயும் இலைக்குமான வித்தியாசம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தாள் பசை ஏற்றாத சீன ஷுவான் தாளாக இருந்தால், தொட்டதும் மையைக் குடித்துவிடும். தயங்கிய இடமெல்லாம் பொட்டாக விரியும். தூரிகையின் வயிற்றில் வெளிர் மையும் நுனியில் அடர் மையும் ஏற்றிச் சாய்த்து ஒரே அழுத்து அழுத்தினால் இலை வந்துவிடும், வெளிச்சமும் நிழலுமாக. நரம்பு போடும்போதுதான் சிக்கல். இலை முழு ஈரத்தில் இருந்தால் நரம்பு கரைந்துபோகும். காய்ந்தபின் போட்டால் மேலே ஒட்டவைத்ததுபோல் தனியாக நிற்கும். பாதி ஈரத்தில் போட வேண்டும். என் தாள்களில் பாதி இந்த இடத்தில்தான் குப்பைக்குப் போகின்றன. அதே தாளில் படிகாரமும் பசையும் ஏற்றிவிட்டால் கசிவு அடங்கி, தூரிகையும் மெல்லிய கோடு போடும். பெரும்பாலானவர்கள் பழியைத் தூரிகை மேல் போடுகிறார்கள்; எனக்கென்னவோ பாதிக் காரணம் தாள்தான்.

சீன ஓவியர் ஜெங் சிஷியாவ் 1306இல் தூரிகையால் வரைந்த ஆர்க்கிட் செடிக்குக் கீழே மண்ணே இல்லை. அவருடைய சோங் அரசு 1279இல் வீழ்ந்திருந்தது. பறிபோன நிலத்தைத்தான் அந்த வெற்றிடம் சொல்வதாகப் படிக்கிறார்கள். சில வீச்சுகளில் முடியும் இலைகள் என்பதால்தான் அந்த வெறுமை எடுபடுகிறது. நுணுக்கமான பேனாப் படத்தில் மண்ணை விட்டிருந்தால், இன்னும் வரைந்து முடியவில்லை என்று நினைத்திருப்போம்.

அப்புறம் இன்னொரு மை உண்டு: மாசிக்காய்ச் சாறு, அன்னபேதி என்ற இரும்பு உப்பு, வேலம் பிசின். வரையும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுக் கறுக்கும், காலப்போக்கில் பழுப்பாகும். அமிலம் மிகுந்தால் தாளையே அரிக்கவும் செய்யும். காலத்துக்கும் நிற்க வேண்டிய படத்துக்கு வேண்டாம். உதிர்ந்த இலைக்கு இதைவிடப் பொருத்தமான மை எனக்குத் தெரியவில்லை.

ஏறுகிற கொடிக்கு நான் தூரிகையைத்தான் எடுப்பேன். சுருளுக்கு மட்டும் அதைக் கிட்டத்தட்ட உலர்த்திவிட்டு, மூச்சுவிடாமல் ஒரு சுழற்று. வெடித்துக் காய்ந்த விதைக்கூடு என்றால் சரி, நிப்புதான். இரண்டையும் ஒரே தாளில் கலப்பவர்கள் உண்டு; எனக்கு அது இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல் இருக்கிறது.