ரமோன்ஸ் முதல் ஆல்பம்: ஸ்டீரியோவா, மோனோவா, எந்தப் பதிப்பு?

நியூயார்க் பங்க் ராக் குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பத்தை ஓடவிட்டு, ஆம்பில் (ஒலிபெருக்கியில்) இருக்கும் பேலன்ஸ் குமிழை இடது கோடிக்குத் திருப்பிப் பாருங்கள். கிட்டார் காணாமல் போய்விடும். டீ டீயின் பேஸ், டாமியின் டிரம்ஸ், ஜோயியின் குரல் மூன்றும்தான் மிஞ்சும். வலது கோடிக்குத் திருப்பினால் பேஸ் போய்விடும், குரலோடும் டிரம்ஸோடும் ஜானியின் கிட்டார் தகரத்தை அறுக்கிற மாதிரி கேட்கும். குமிழ் நடுவில் நின்றால்தான் நாலு பேரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். இந்த ஆல்பத்தின் பதிப்புகளில் எதை வாங்குவது என்று கேட்டால், மற்ற எதையும்விட இந்தப் பிரிவினைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தெரிந்த விவரங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1976 பிப்ரவரியில், நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டடத்துக்குள் இருந்த பிளாசா சவுண்ட் ஸ்டுடியோவில் ஏழே நாளில் பதிவானது. செலவு சுமார் 6,400 டாலர். தயாரிப்பாளர் கிரெய்க் லியான். ஏப்ரல் 23 அன்று சயர் நிறுவனம் வெளியிட்டது. 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். அட்டையில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ராபர்ட்டா பெய்லி எடுத்தது.

கையில் கிடைக்கக்கூடியவை நாலு வகை: 1976-இன் எல்பி இசைத்தட்டும் அதன் மறு அச்சுகளும், முதல் இரண்டு ஆல்பங்களையும் ஒரே சிடியில் அடைத்த 1990 தொகுப்பு, ரைனோ வெளியிட்ட 2001 சிடி, 2016-இல் நாற்பதாம் ஆண்டுக்காக வந்த பெட்டி. முதல் மூன்றும் ஸ்டீரியோ, அதாவது இடது, வலது ஸ்பீக்கர்களில் வெவ்வேறு ஒலி. பெட்டியில் மட்டும்தான் கிரெய்க் லியானே புதிதாகச் செய்த மோனோ மிக்ஸ், அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்படி வாத்தியங்களைக் கலந்த வடிவம், இருக்கிறது. நான் முழுக்க அந்த மோனோ பக்கம்.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 60-களின் தொடக்கத்தில் வந்த ஸ்டீரியோ தட்டுகளைப் போல, பேஸை இடது ஓரத்திலும் கிட்டாரை வலது ஓரத்திலும் வைத்து, டிரம்ஸையும் குரலையும் நடுவில் விட்டிருக்கிறார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே சரியான இடத்தில் உட்கார்ந்தால் இது அழகாகவே இருக்கும். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாலோ, ஒரு ஸ்பீக்கர் சோபாவுக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ இசைக்குழுவில் ஒருவர் குறைந்துவிடுகிறார். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டினால் கிட்டாரோ பேஸோ சுத்தமாகக் கிடையாது. கார்ட்ரிட்ஜின் (தட்டின்மேல் ஓடும் ஊசியைத் தாங்கும் பகுதியின்) பின்னால் இருக்கும் நாலு மெல்லிய கம்பிகளில் ஒன்று தளர்ந்து ஒரு சேனல் (ஒரு பக்க ஒலி) செத்துப்போனால், மற்ற தட்டுகளில் பாட்டு சற்று மெலிந்து கேட்கும், அவ்வளவுதான். இந்தத் தட்டில் ஒரு வாத்தியமே போய்விடும். தட்டில்தான் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பும் முன் அந்தக் கம்பிகளை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

"ஆம்பில் மோனோ பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. குரலும் டிரம்ஸும் இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டையும் கூட்டும்போது அவை இரட்டிப்பாகின்றன. கிட்டாரும் பேஸும் ஆளுக்கு ஒரு சேனலில் மட்டும் இருப்பதால் அவற்றோடு சேர எதுவும் இல்லை. அறையில் ஸ்டீரியோவாகக் கேட்டபோது இருந்த அளவோடு ஒப்பிட்டால், குரலுக்கு எதிரே கிட்டார் சுமார் 3 டெசிபல் கீழே இறங்கிவிடுகிறது. 3 டெசிபல் என்பது காதுக்கு நன்றாகவே தெரியும் வித்தியாசம். ரமோன்ஸ் பாட்டில் கிட்டார் பின்னால் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? ஒற்றை ஸ்பீக்கர் உள்ள புளூடூத் பெட்டியில் ஸ்டீரியோ பதிப்பைக் கேட்கும்போது நடப்பதும் இதேதான். குரலும் ஸ்னேர் டிரம்மும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், கிட்டார் பக்கத்து வீட்டில் ஒலிக்கிற மாதிரி இருக்கும்.

2016-இன் மோனோ அப்படிக் கூட்டி எடுத்த மோனோ அல்ல. மூல டிராக்குகளிலிருந்து அளவுகளை மறுபடி நிறுத்திச் செய்த மிக்ஸ். "பிளிட்ஸ்க்ரீக் பாப்" தொடக்கத்திலேயே வித்தியாசம் பிடிபடும். கிட்டாரும் பேஸும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி ஒரே சுவராக வருகின்றன, டிரம்ஸ் அந்தச் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி விழுகிறது. அந்தக் காலத்தில் சின்ன மேடையில் ஒரே திசையிலிருந்து நாலு பேரின் சத்தமும் வந்து மோதியதற்கு இதுதான் நெருக்கம். "லெட்ஸ் டான்ஸ்" பாட்டில் ரேடியோ சிட்டியின் பெரிய வுர்லிட்சர் ஆர்கன் வருகிறது. கிட்டாருக்கு அடியில் அது எங்கே இருக்கிறது என்று தேடுவது மோனோவில் கொஞ்சம் கஷ்டம், அந்த ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். ஹெட்போனில் மோனோ எல்லோருக்கும் ஒத்துவருமா என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒலி முழுவதும் மண்டைக்கு நடுவில் குவிவது சிலருக்குச் சீக்கிரமே சோர்வு தரும்.

ஸ்டீரியோ ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: வாசிக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. பேலன்ஸை வலப்பக்கம் முழுதாகத் திருப்பினால் ஜானியின் கை தெளிவாகக் கேட்கும். எல்லாமே மேலிருந்து கீழே மட்டும் அடிக்கிற அடி, பெரும்பாலும் பாரே கார்டுகள், அதாவது ஒரு விரலால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டுகள். "பிளிட்ஸ்க்ரீக் பாப்" முக்கியமாக ஏ, டி, ஈ என்ற மூன்று கார்டுகளில் ஓடுகிறது. நிமிடத்துக்கு 175 தாளத்தை ஒட்டிய வேகம், ஒவ்வொரு தாளத்துக்கும் இரண்டு அடி. கணக்குப் போட்டால் விநாடிக்கு ஆறு அடிக்கு ஒரு சிறு மூச்சுதான் குறைவு. பத்தாவது விநாடியில் முன்கை இறுகிவிடும். முழங்கையிலிருந்து ஆட்டாமல் மணிக்கட்டிலிருந்து அடித்தால்தான் பாட்டு முடியும் வரை தாங்கும். இடப்பக்கம் திருப்பினால் டீ டீ அந்தக் கார்டுகளின் மூல சுரத்தை அதே வேகத்தில் பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு தகட்டால்) அடிப்பது கேட்கும். குமிழைத் திருப்பி ஒரு வாத்தியத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீங்கள் வாசிக்கலாம். மோனோவில் இதற்கு வழியே இல்லை. கற்றுக்கொள்ளத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 2001 சிடி போதும், பெட்டிக்குச் செலவு செய்யாதீர்கள்.

பெட்டியில் மூன்று சிடி, ஒரு எல்பி, 12 அங்குல அளவில் கெட்டி அட்டைப் புத்தகம். முதல் சிடியில் 14 பாட்டும் ஸ்டீரியோவில் ஒரு முறை, மோனோவில் ஒரு முறை. 29 நிமிட ஆல்பம் என்பதால் இரண்டும் ஒரே சிடியில் தாராளமாக அடங்கிவிடுகின்றன. இரண்டாவதில் தனிப்பாட்டாக வந்த சிங்கிள்களின் மிக்ஸ்களும் டெமோ எனப்படும் மாதிரிப் பதிவுகளும். மூன்றாவதில் 1976 ஆகஸ்ட் 12 அன்று மேற்கு ஹாலிவுட்டின் ராக்ஸி அரங்கில் வாசித்த இரண்டு கச்சேரிகள். இங்கே ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. இரண்டாவது ஆல்பமான "லீவ் ஹோம்" 2001-இல் மறுபடி வந்தபோது, அதே நாள் ராக்ஸி கச்சேரி ஒன்று அதில் சேர்க்கப்பட்டது. அந்த சிடி உங்களிடம் இருந்தால் மூன்றாவது சிடியில் பாதி ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருக்கிறது.

எல்பி மோனோ மட்டும்தான். பெட்டி வாங்கினால் ஸ்டீரியோ தட்டும் கிடைக்கும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். இதற்கென்று தனி மோனோ கார்ட்ரிட்ஜ் தேவையில்லை, சாதாரண ஸ்டீரியோ ஊசியே போதும். ஆனால் இந்தத் தட்டுக்கு ஆம்பின் மோனோ பொத்தானை அழுத்தி வைப்பது நல்லது. பள்ளத்தின் இரண்டு சுவரிலும் ஒரே ஒலி இருப்பதால் பாட்டு மாறாது. தூசியும் கீறலும் ஊசியை மேலும் கீழும் குலுக்கி எழுப்பும் சத்தத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும். 1976 ஸ்டீரியோ தட்டுக்கு இதே பொத்தான் மேலே சொன்ன கெடுதலைச் செய்கிறது, மாற்றி அழுத்திவிட வேண்டாம்.

பெட்டி 19,760 பிரதிகள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. விற்கும் எண்ணம் இருந்தால் எல்பியையும் பெட்டியையும் பிரிக்காதீர்கள். எல்பி இல்லாத பெட்டியை யாரும் முழு விலைக்குத் தொட மாட்டார்கள். பழையதாக வாங்கும்போது எண் தெரியும் படம், பெட்டியின் நாலு மூலைகளின் படம், எல்பியின் இரு பக்கப் படம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். புத்தகம் கனமானது, தபாலில் மூலை நசுங்குவது அதனால்தான்.

2001 சிடியில் ஆல்பத்தோடு எட்டுப் பாட்டு கூடுதல், பெரும்பாலும் ஆரம்ப கால டெமோக்கள். "ஐ கான்ட் பி" அவற்றில் ஒன்று. விலைக்கு இதுதான் நியாயமான பதிப்பு. 1990 தொகுப்பு சும்மா கிடைத்தால் காரில் வைத்துக்கொள்ளலாம்.

1976 அச்சைத் தேடுபவர்கள் எஸ்ஏஎஸ்டி-7520 என்ற எண்ணைப் பாருங்கள். சயரின் விநியோகம் ஏபிசி நிறுவனத்திடம் இருந்த காலத்து அச்சு அது. எஸ்ஆர் 6020 என்று இருந்தால் விநியோகம் வார்னர் நிறுவனத்துக்குப் போன பிறகு வந்தது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம்தான் என்பதால் பள்ளங்கள் லேபிள் வரை நெருங்க வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்தின் கடைசிப் பாட்டில் வழக்கமாக வரும் கரகரப்பு இதில் குறைவாகவே இருக்க வேண்டும். அங்கே குரல் கிழிந்து கேட்டால், முந்தைய சொந்தக்காரர் தேய்ந்த ஊசியால் ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். எவ்வளவு கழுவினாலும் அது போகாது.