டச் அவனுக்கு விறகுத் தணலா, பிரிக்கெட் கரியா?

டெக்சாஸில் குடும்பத்தோடு முகாம் போக ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் எங்கள் 12 அங்குல டச் அவனை (Dutch oven) விறகுத் தணலில்தான் வைத்தேன். அப்புறம் பிரிக்கெட் கரிக்கு, அதாவது கரித்தூளை அழுத்திச் செய்த கட்டிகளுக்கு, மாறிவிட்டேன். இனி திரும்பிப் போக மாட்டேன்.

முகாமுக்கான டச் அவன் என்பது மூன்று கால் வைத்த கனமான வார்ப்பிரும்புச் சட்டி. கங்கு சரிந்து விழாமல் இருக்க அதன் மூடிக்கு மேல்நோக்கி ஒரு விளிம்பு உண்டு. பிரியாணிக்குத் தம் போடும்போது மூடிமேல் நெருப்பு அள்ளிப் போடுகிறோமே, அதே வேலைதான். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு.

விறகில் சமைத்தால் தனி மணம் என்பார்கள். கனமான மூடி இறுக்கமாக உட்கார்ந்த சட்டிக்குள் புகை எங்கே போகும்? எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. செலவிலும் பெரிய வேறுபாடு இல்லை. மரங்களுக்கு நோய் பரவும் என்பதால் வேறு ஊர் விறகைக் கொண்டுவர வேண்டாம் என்கிறார்கள், அதனால் விறகையும் அங்கேயே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சாம்பல் பிரிக்கெட்டில் அதிகம், அதை ஒப்புக்கொள்கிறேன். மூடியைச் சாய்க்காமல் நேராகத் தூக்கினால் சமாளிக்கலாம்.

என்னை மாற்றியது ஒரே விஷயம்: பிரிக்கெட்டை எண்ண முடியும்.

விறகுத் தணலை மண்வாரியால் அள்ளிப் போடும்போது எவ்வளவு சூடு போடுகிறோம் என்று தெரியாது. ஒரு துண்டு முட்டை அளவு இருக்கும், அடுத்தது பொடியாக உதிரும். ஒருமுறை பீச் காப்ளர் செய்தேன், பீச் பழத்தின் மேல் மாவு போட்டுச் சுடும் இனிப்பு அது. அடியில் பழம் கருகிப் பிடித்துக்கொண்டது, மேலே மாவு வெள்ளையாகப் பச்சையாகவே கிடந்தது. பிள்ளைகள் தட்டோடு காத்திருந்தார்கள். அடுத்த முறை சரி செய்யலாம் என்றாலும் எதைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது? கையில் கணக்கே இல்லை.

பிரிக்கெட் எல்லாம் ஒரே அளவு, அதனால் கணக்கு வைக்கலாம். சட்டியின் விட்டம் எத்தனை அங்குலமோ அதைப் போல இரண்டு மடங்கு கரி போட்டால் ஏறக்குறைய 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 175 செல்சியஸ் கிடைக்கும். என் 12 அங்குலச் சட்டிக்கு 24. கேக், ரொட்டி வகைக்கு மேலே 16, கீழே 8. சூடு மேல்நோக்கிப் போவதால் கீழே குறைவாகவே போதும். மூடிமேல் வைத்த கரியின் சூட்டில் நிறைய காற்றோடு போய்விடுவதால் அங்கே கூடுதலாக வேண்டும். குழம்பு கொதிக்க வேண்டுமென்றால் இதைத் திருப்பிப் போட வேண்டும். பிரியாணித் தம்முக்கு நான் மேலே 12, கீழே 6 வைக்கிறேன். இருபத்தைந்து நிமிடத்தில் அரிசி உதிரி உதிரியாக வந்துவிடுகிறது, அடிப்பிடிப்பதில்லை. அதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அதனால் ஒவ்வொரு முறையும் அதே பிரியாணி வருகிறது.

கீழே வைக்கும் கரியை நடுவில் குவிக்காமல் வட்டமாக அடுக்குங்கள். நடுவில் குவித்தால் அந்த இடம் மட்டும் கருகும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியைக் கால் வட்டம் ஒரு பக்கமும், மூடியைக் கால் வட்டம் எதிர்ப்பக்கமும் திருப்புங்கள். காற்று அடித்தால் கணக்கு கொஞ்சம் ஆட்டம் காணும்: காற்று வரும் பக்கத்துக் கரி சீக்கிரம் எரிந்து தீரும். ஒரு தகரத் தடுப்பு வைத்தால் போதும்.

கரி மூட்டும் சிம்னியில், அதாவது கரி பற்ற வைக்கும் உலோகக் குழாயில், போட்டால் 15, 20 நிமிடத்தில் சாம்பல் பூத்துத் தயாராகிவிடும். விறகு நல்ல தணலாக மாற ஒரு மணி நேரம்கூட ஆகும். பிரிக்கெட் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நம்பும்படி சூடு தராது. நீண்ட சமையலென்றால் அரை மணி ஆனதுமே அடுத்த பத்துக் கரியைப் பற்ற வைத்துவிடுங்கள். திரவம் தோய்த்து வரும் 'உடனே பற்றும்' வகையை மட்டும் வாங்காதீர்கள், அந்த வாடை எனக்குப் பிடிக்கவே இல்லை.

கட்டிக் கரி, அதாவது மரத்தை அப்படியே எரித்துச் செய்த கரி, இரண்டு தடவைதான் போட்டிருக்கிறேன். சூடு அதிகம், சாம்பல் குறைவு, ஆனால் சீக்கிரம் தீர்ந்தது. துண்டுகளும் சிறிதும் பெரிதுமாகத்தான் வந்தன. உறைபனிக் குளிரில் ஒரே ஒரு இரவு சமைத்திருக்கிறேன், மேலே நான்கைந்து கரி கூடுதலாகத் தேவைப்பட்டது. அந்த ஒரு இரவை வைத்து உங்களுக்குக் கணக்கு சொல்ல மாட்டேன். வறண்ட கோடையில் நெருப்புத் தடை போட்டால் விறகு, கரி இரண்டுமே பெரும்பாலும் கூடாது. கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

விறகை அடியோடு விடவில்லை. ராத்திரி பிள்ளைகள் சுற்றி உட்கார ஒரு நெருப்பு மூட்டுகிறோம், அதன் ஓரத்தில் ரசம் கொதிக்கும். ரசத்துக்குக் கணக்கு வேண்டியதில்லை.